சிறப்புப் பிரிவு: இல்லை

இப்படி உட்காருங்க அண்ணாச்சி, இந்தத் தூண் நிழல்ல. பத்து மணிக்கு மேல வெயில் நேரா மூஞ்சியிலதான் அடிக்கும். டோக்கன் எத்தனை? நூத்தி நாப்பத்திரெண்டா? எனக்கு நூத்தி முப்பத்தொம்பது. இப்பத்தான் தொண்ணூத்தாறைக் கூப்பிட்டாங்க. அவசரமே இல்ல, நல்லாக் காலை நீட்டி உட்காருங்க. திங்கக்கிழமைன்னா கலெக்டர் ஆபீஸ் இப்படித்தான், மாவட்டத்துல பாதி சனம் மனுவும் கையுமா இங்கதான் கிடக்கும்.

உங்களுக்கு என்ன, பட்டாவுல பேர் மாத்தணுமா? அதை ஆன்லைன்லயே போடலாமே. போகலையா? போனீங்களா? 'சைட் ஓப்பன் ஆகல'ன்னு சொல்லிட்டானா கடைக்காரன்? நாலு நாள் அலைய விட்டானா? அட கர்மமே. அண்ணாச்சி, ஓப்பன் ஆகாத சைட்டுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஓப்பன் பண்ணத் தெரியாத பயலுகதான் இருக்கானுங்க.

இதைச் சொல்றதுக்கு எனக்கு வாய் கூசணும். கூசத்தான் செய்யுது. ஆனாலும் பழக்கம் விட மாட்டேங்குது.

எனக்கும் அந்தத் தொழில்தான். பேரு பெத்துராஜ். சாத்தூருக்கு இந்தப் பக்கம் மெயின் ரோட்டு மேல நெட் சென்டர் வெச்சிருக்கேன், பதினாலு வருஷமா. அரசாங்க விண்ணப்பம் போடுறதுக்கு ஐடி வாங்கி வெச்சிருக்கேன், முறைப்படி. சாதிச் சான்று, வருமானச் சான்று, ஸ்காலர்ஷிப், வேலைவாய்ப்பு, எல்லாம் நம்மகிட்டதான். மத்த கடைக்காரனுங்களே 'பெத்துராஜ் அண்ணன்கிட்ட போங்க'ன்னு ஆளை அனுப்புவானுங்க. ஏன்னா ஒரு சைட்டு கோணல்மாணலாத் தெரிஞ்சாலோ, பாதியில நின்னு சுத்திக்கிட்டே இருந்தாலோ, அதை நேர் பண்றதுல நான் கில்லாடி. பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன்.

எழுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடக்குதா, ஜூமை எண்பதுக்கு இறக்கு. பக்கம் பழசாவே வந்து நிக்குதா, உள்ள சேர்ந்து கிடக்குற குப்பையைக் காலி பண்ணிட்டு மறுபடி தொற. 'பாதுகாப்பு இல்லை'ன்னு சிவப்பா மிரட்டுதா, முதல்ல கம்ப்யூட்டர்ல தேதி சரியா இருக்கான்னு பாரு, முக்காவாசி அதான் காரணம். இது எதுலயும் மசியலன்னா என்கிட்ட கடைசியா ஒரு வித்தை இருக்கு. அந்த வித்தையாலதான் இன்னிக்கு இங்க வந்து உட்கார்ந்திருக்கேன்.

அந்தா, கேட்டுக்கு வெளிய ஜெராக்ஸ் கடையில பச்சைச் சேலை கட்டி ஒரு பிள்ளை நிக்குது பாருங்க. கையில மஞ்சப் பை. அதுதான் முனீஸ்வரி. அது மனுவுக்குத்தான் நான் துணைக்கு வந்தது. சொந்தமெல்லாம் இல்ல. வேற சாதி, வேற தெரு. கடைக்கு வந்த பிள்ளை, அவ்வளவுதான். அங்க கூட்டத்தைப் பார்த்தா வர்றதுக்கு அரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு சொல்லிடறேன் அண்ணாச்சி. உங்களை எனக்குத் தெரியாது, என்னை உங்களுக்குத் தெரியாது. வீட்டுல சொல்ல முடியல. யார்கிட்டயாவது கொட்டலேன்னா நெஞ்சு வெடிச்சிரும் போல இருக்கு.

மார்ச் மாசம் மாணவியர் விடுதிக்குச் சமையலர் வேலைன்னு அறிவிப்பு வந்துச்சில்ல? நம்ம மாவட்டத்துக்கு ஏழு இடம். அதுல ஒரு இடம் ஆதரவற்ற விதவைக்குன்னு ஒதுக்கியிருந்தாங்க. ஆன்லைன்லதான் போடணும். கடைசி நாள் பத்தாம் தேதி, சாயங்காலம் அஞ்சே முக்கால் வரைக்கும். நம்ம சனத்தைத்தான் தெரியுமே, முதல் நாள்ல இருந்து யாரும் வர மாட்டாங்க, கடைசி நாள் மதியம் ஊரே வந்து நிக்கும்.

முனீஸ்வரி வந்தப்ப நாலு மணி இருக்கும். தீப்பெட்டி ஆபீஸ்ல இருந்து பாதி வேலையில பெர்மிஷன் சொல்லிட்டு வந்திருந்துச்சு. ரெண்டு கடையில 'சைட் வேலை செய்யல'ன்னு திருப்பி அனுப்பிட்டானுங்களாம். புருஷன் கிணறு வெட்டப் போன இடத்துல மண் சரிஞ்சு போயிட்டான், ஆறு வருஷம் ஆச்சு. ஒரு பொம்பளைப் பிள்ளை, ஒன்பதாப்புப் படிக்குது. முனீஸ்வரிக்கு அந்தத் தீக்குச்சி மருந்து வாடை ஒத்துக்கல, எப்பப் பார்த்தாலும் இருமல். டாக்டர் வேற வேலை பார்த்துக்கோன்னுட்டாராம். நாப்பது வயசுக்குள்ள இருந்தாத்தான் அந்த வேலைக்குப் போட முடியும். முனீஸ்வரிக்கு ஆவணியில நாப்பது முடியுது. அடுத்த அறிவிப்பு வர்றதுக்கு மூணு வருஷம் ஆகுமோ நாலு வருஷம் ஆகுமோ. அதனால இதுதான் அதுக்கு முதல் தடவையும் கடைசித் தடவையும்.

நான் விறுவிறுன்னு அடிச்சேன். பேரு, ஊரு, படிப்பு, எல்லாம் ஏறிடுச்சு. கீழ வந்தா, 'சமர்ப்பி'ங்குற பட்டன் மங்கிக் கிடக்குது. சாம்பல் கலர்ல. அமுக்குறேன், அசைய மாட்டேங்குது. அதுக்கு முன்னால வந்தவங்களுக்கும் இதே கதைதான். குப்பையைக் காலி பண்ணேன், வேற பிரவுசர்ல தொறந்தேன், தேதியைப் பார்த்தேன். ம்ஹூம். மணி அஞ்சேகால். கடை நிறைய ஆளு. 'அண்ணே, அண்ணே'ன்னு காது கிழியுது.

அப்பத்தான் அந்தக் கடைசி வித்தை. ஒரு வீடியோவுல பார்த்துக் கத்துக்கிட்டது. பட்டன் மேல மவுசை வெச்சு வலது பக்கம் அமுக்கினா, பக்கத்தோட குடலைத் தொறந்து காட்டும். பூரா இங்கிலீஷ்ல கோடு கோடா இருக்கும். அதுல பட்டனைச் செத்த மாதிரி வெச்சிருக்குற ஒரே ஒரு வார்த்தை இருக்கும். அதைத் தேடி அழிச்சிட்டா பட்டன் ஜம்முனு நீலமா எரியும். அமுக்க வேண்டியதுதான், போயிரும்.

அப்படி அன்னிக்குப் பதினோரு பேருக்குப் பட்டனை எரிய வெச்சேன் அண்ணாச்சி. ஒவ்வொரு தடவையும் கடையில ஒரு 'ஆஹா' சத்தம். நானும் வேட்டி கட்டின விஞ்ஞானி கணக்கா சிரிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்.

முனீஸ்வரி மட்டும் பட்டனை அமுக்குறதுக்கு முன்னால கேட்டுச்சு. "அண்ணே, நான் விதவைன்னு அதுல எங்கயும் கேக்கவே இல்லையே?" தாசில்தார் கொடுத்த சர்ட்டிபிகேட்டைக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னுச்சு. பிளாஸ்டிக் கவர்ல போட்டு, மடங்காம.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் சர்ட்டிபிகேட் சரிபார்க்கும்போது கேப்பாங்கம்மா, நீ சும்மா இரு, மணி ஆகுது"ன்னேன். தெரியாது அண்ணாச்சி எனக்கு. கேப்பாங்களா மாட்டாங்களான்னு எனக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னேன். பின்னால அத்தனை பேர் நிக்கும்போது தெரியலன்னு எப்படிச் சொல்றது? அது தலையாட்டுச்சு. நான் அமுக்கினேன். விண்ணப்ப எண் வந்துச்சு, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். ரெண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுட்டுப் போச்சு.

இப்ப நடந்ததைச் சொல்றேன். அந்தப் பக்கத்துல சிறப்புப் பிரிவுக்குன்னு தனியா ஒரு குட்டி ஜன்னல் தொறக்கணும். விதவையா, மாற்றுத்திறனாளியா, எதுவும் இல்லையான்னு அதுல கேக்கும். அதுக்குப் பதில் சொன்னாத்தான் பட்டனுக்கு உயிர் வரும். என் கடை கம்ப்யூட்டர்ல குட்டி ஜன்னலே தொறக்காது. ஏன்னா தொறக்கக் கூடாதுன்னு பூட்டுப் போட்டதே நான்தான். போன வருஷம் ஒரு டீச்சரம்மா பி.எஃப். விஷயம் பார்த்துக்கிட்டு இருக்கும்போது அசிங்கமா ஒரு விளம்பரம் டப்புனு தொறந்துச்சு. அந்தம்மா முகம் செவந்து எந்திரிச்சுப் போயிட்டாங்க. அன்னிக்கே எல்லா பிரவுசர்லயும் விளம்பரத்தைத் தடுக்குற சமாச்சாரத்தை ஏத்தி, எல்லாக் குட்டி ஜன்னலையும் மூடுன்னு போட்டு வெச்சேன். போட்டதையே மறந்தும் போயிட்டேன்.

சைட்டுல ஒரு கோளாறும் இல்ல. பட்டன் மங்கிக் கிடந்ததுக்கு அர்த்தம் இருந்துச்சு. 'இன்னும் ஒண்ணு கேக்கணும், பொறுடா'ன்னு அது சொல்லிக்கிட்டு இருந்துச்சு. நான் அதோட வாயைப் பொத்திட்டு அமுக்கிட்டேன். பதில் இல்லாமப் போன விண்ணப்பத்துக்கு அதுவா 'இல்லை'ன்னு எடுத்துக்கிச்சு. மத்த பத்துப் பேருக்கும் பாதிப்பில்ல, அவங்க யாரும் சிறப்புப் பிரிவு கிடையாது. இதுக்குத்தான் போச்சு.

மே மாசம் லிஸ்ட் வந்துச்சு. முனீஸ்வரி பொதுப் பட்டியல்ல ஒன்பதாவது. அதுல எடுத்தது ஆறு பேர். விதவைக்குன்னு இருந்த ஒரு இடத்துக்குப் போட்டவங்க யாருக்கும் சர்ட்டிபிகேட் சரியில்லன்னு அது காலியாவே கிடக்குது. பார்த்தீங்களா கொடுமையை? இடம் காலியா இருக்கு. ஆள் இங்க நிக்குது. நடுவுல நான்.

அது இந்த ஆபீஸ்லயே வந்து கேட்டிருக்கு. அவங்க விண்ணப்பத்தைப் பிரிண்ட் எடுத்துக் காட்டியிருக்காங்க. அதைக் கொண்டுக்கிட்டு ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்துச்சு. "அண்ணே, இதுல 'சிறப்புப் பிரிவு: இல்லை'ன்னு இருக்கு. நான் இல்லைன்னு சொல்லவே இல்லையே அண்ணே"ன்னுச்சு.

நான் பழக்கதோஷத்துல, "சைட்டு தப்பாக் காட்டியிருக்கும்மா"ன்னுட்டேன்.

கத்தியிருக்கலாம்ல அது? கத்தல. "அப்படியா அண்ணே"ன்னுச்சு. "சரிண்ணே"ன்னு போயிருச்சு. அதுல இருந்து வாரா வாரம் சனிக்கிழமை வரும். என் பிள்ளைகளுக்குன்னு காராச்சேவு வாங்கிட்டு வரும், வெள்ளரிக்காய் கொண்டு வரும். வேண்டாம்மான்னா கேக்காது. வந்து உட்கார்ந்து ஏதாவது கேக்கும். "அந்தப் பக்கம் வேற கம்ப்யூட்டர்ல எப்படிண்ணே தெரியும்?" "அந்தப் பட்டன் அன்னிக்கு எப்படிண்ணே எரிஞ்சது?" சின்னப் பிள்ளை மாதிரி. பாவம், படிப்பு பத்தாவதுதான், ஆனா ஆர்வம். நானும் பட்டனை எரிய வைக்கிற வித்தையைச் செஞ்சே காட்டினேன். கண்ணை இமைக்காமப் பார்த்துச்சு. எனக்கு ஒரு பக்கம் பெருமையாக்கூட இருந்துச்சு, சத்தியமா.

வெள்ளந்தியான பிள்ளை அண்ணாச்சி. அதான் எனக்குத் தாங்கல. என்னை ஒரு வார்த்தை சந்தேகப்படல. அது கொடுத்த காராச்சேவை என் பிள்ளைக தின்னும்போது நான் எந்திரிச்சு வெளிய போயிடறேன். சனிக்கிழமை வந்தாலே கடையைப் பூட்டிட்டு எங்கயாவது போயிரலாமான்னு தோணும். ஆனா போகல. அது தேடி வந்து பூட்டைப் பார்த்துட்டுத் திரும்பிப் போறதை நினைச்சா அது இன்னும் கொடுமையா இருந்துச்சு.

போன சனிக்கிழமை வந்து, "அண்ணே, திங்கக்கிழமை மனு கொடுக்கப் போறேன். சென்டர்ல இருந்து ஒரு லெட்டர் கொடுத்தா நல்லதுன்னு சொல்றாங்க. நீங்களே நேர்ல வாங்கண்ணே. நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா ஆபீசர் கேப்பாங்க. கடை ரப்பர் ஸ்டாம்பையும் மறக்காமக் கொண்டு வந்துருங்க"ன்னுச்சு. எவ்வளவு நம்பிக்கை பாருங்க.

நான் சும்மா இருக்கல. இந்த ஆபீஸுக்கு நானே போன் போட்டு, வேற யாரோ மாதிரி விசாரிச்சேன். எடுத்தவர் நல்ல மனுஷன், பொறுமையாச் சொன்னாரு. "சைட்டுல கோளாறுன்னு எழுதிக் கொடுத்தா மெட்ராஸுக்கு அனுப்புவோம். மத்த எல்லாருக்கும் சரியாத்தானே வேலை செஞ்சதுன்னு அங்க இருந்து தள்ளுபடி பண்ணிருவாங்க. ஏத்தினவர் என் தப்புன்னு எழுதிக் கொடுத்தா, விண்ணப்பதாரர் மேல குத்தம் இல்லேன்னு நாங்களே இங்க கமிட்டியில வெச்சு முடிக்கலாம், இடம் காலியாத்தான் இருக்கு"ன்னாரு. "ஏத்தினவருக்கு என்ன ஆகும் சார்?"னு கேட்டேன். "ஐடி போயிரும்"னாரு. சாதாரணமாச் சொல்றாரு, பஸ் போயிரும்ங்கிற மாதிரி.

அதனால ரெண்டு லெட்டர் டைப் பண்ணிக் கொண்டு வந்திருக்கேன். இந்தா, இந்த ஃபைல்ல இருக்குறது 'இணையதளக் கோளாறு'. சட்டைப் பையில இருக்குறது 'என் தவறு'. ரெண்டுலயும் இன்னும் கையெழுத்துப் போடல. காலையில பஸ்ல வரும்போது சட்டைப் பை லெட்டரைக் கொடுத்திரணும்னு இருந்துச்சு. இங்க வந்து உட்கார்ந்ததும் ஃபைலைத்தான் இறுக்கிப் பிடிச்சிருக்கேன். ஐடி இல்லேன்னா அந்தக் கடையில நான் என்ன பண்றது, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கவா? பதினாலு வருஷம் அண்ணாச்சி. 'சைட் பிரச்னையா? பெத்துராஜைப் பாருங்க'ன்னு இந்த மார்ச்லதான் ஃப்ளெக்ஸ் அடிச்சு வெச்சேன்.

என்ன கேட்டீங்க? எனக்கு எப்பத் தெரிஞ்சுதுன்னா?

அதான், லிஸ்ட் வந்த பிறகு...

இல்ல. உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லணும். இவ்வளவு சொல்லிட்டேன். லிஸ்ட் வர்றதுக்கு முன்னாலயே தெரியும். மார்ச்லயே தெரியும். கடைசித் தேதி முடிஞ்ச பிறகு, போட்டதுல தப்பிருந்தா திருத்திக்கலாம்னு அஞ்சு நாள் மறுபடி சைட்டைத் தொறந்து விட்டாங்க. அப்ப ஒருத்தங்க தங்கச்சி விண்ணப்பத்தைத் திருத்தணும்னு சொந்த லேப்டாப்பையே தூக்கிக்கிட்டு வந்து, என் கடை நெட்டுல தொறந்தாங்க. நான் சும்மா எட்டிப் பார்த்தேன். டப்புனு ஒரு குட்டி ஜன்னல். 'ஆதரவற்ற விதவை: ஆம், இல்லை.' அப்படியே நின்னுட்டேன். முனீஸ்வரி கேட்டது காதுக்குள்ள கேக்குது, 'கேக்கவே இல்லையே அண்ணே'ன்னு. போய் என் கம்ப்யூட்டர்ல அந்தப் பூட்டை எடுத்துட்டுத் தொறந்தேன். இங்கயும் ஜன்னல் வந்து நிக்குது.

அன்னிக்கு, திருத்துறதுக்கு இன்னும் ரெண்டு நாள் இருந்துச்சு அண்ணாச்சி.

அஞ்சு நிமிஷ வேலை. வர வெச்சு, 'ஆம்'னு ஒரு தட்டு. முடிஞ்சது. போன் நம்பர் கையில இருக்கு. எடுத்து அடிச்சேன். ஒரே ஒரு ரிங் போச்சு, கட் பண்ணிட்டேன். என்னான்னு சொல்றது? கடையில ஆள் இருந்தாங்க. வெளிய ஏணி போட்டு அந்த ஃப்ளெக்ஸைக் கட்டிக்கிட்டு இருந்தானுங்க. இந்த நேரத்துல 'உன் விண்ணப்பத்தை நான் தப்பாப் போட்டுட்டேன்'னு எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். மறுநாளும் ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணேன். அது திருப்பிக் கூப்பிட்டுச்சு, "அண்ணே, கூப்பிட்டீங்களா?"ன்னு. "கை தவறிப் பட்டிருச்சும்மா"ன்னேன். அதுக்கு மறுநாள் சைட்டை மூடிட்டாங்க. மூடினதைப் பார்த்ததும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு. இனிமே நான் சொன்னாலும் சொல்லலேன்னாலும் ஒண்ணுதான்னு. அந்த அப்பாடாவை நினைச்சாத்தான் அண்ணாச்சி என்னை நானே செருப்பால அடிச்சுக்கலாம் போல இருக்கு. பட்டனை அமுக்கினது அவசரம். தெரியாமப் பண்ணது. இது தெரிஞ்சே பண்ணது.

இதை மட்டும் அது கேட்டா...

ஏன் அண்ணாச்சி எனக்குப் பின்னால பார்க்குறீங்க?

முனீஸ்வரி. எப்ப வந்தே? அந்தக் கடையில கூட்டமா இருந்துச்சே. எவ்வளவு நேரமா இங்க நிக்குற தாயி?

உட்காருங்கண்ணே, எந்திரிக்காதீங்கங்குது. நான் எந்திரிக்கக்கூட இல்ல.

என்னம்மா சொல்றே? பட்டன் விஷயமா? தெரியுமா உனக்கு? எப்ப இருந்து? வந்த ரெண்டாவது சனிக்கிழமையில இருந்தா? அண்ணாச்சி, கேட்டீங்களா. தீப்பெட்டி ஆபீஸ்ல இதோட சேர்ந்து வேலை பார்க்குற ஒரு பொம்பளை வேற கடையில போட்டுச்சாம். அங்க குட்டி ஜன்னல் வந்து கேட்டுச்சாம். என் கடையிலதான் வரலங்கிறது இதுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு. நான்தான் வித்தையைச் செஞ்சு வேற காட்டியிருக்கேன், மடையன்.

அப்புறம் ஏம்மா வாரா வாரம் வந்தே? திட்டியிருக்கலாமே என்னை. தெருவுல நின்னு மண்ணை வாரித் தூத்தியிருக்கலாமே. காராச்சேவு எதுக்கும்மா?

"நான் சண்டை போட்டிருந்தா நீங்க இன்னிக்கு இந்த ஆபீஸ் வாசலுக்கு வந்திருப்பீங்களாண்ணே? உங்க கையெழுத்து இல்லாம எனக்கு நடக்காதே"ங்குது. கேட்டுக்கிட்டீங்களா அண்ணாச்சி. இதைப் போய் வெள்ளந்தின்னு சொன்னேனே, அதுக்கு என் மூஞ்சியில துப்புங்க. தெரியும், ஆனா நானாச் சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருந்திருக்கு. இத்தனை சனிக்கிழமை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்திருக்கு.

என்ன? என்ன கேக்குறே?

ஆமாம்மா. ரெண்டு நாள் இருந்துச்சு.

இது அதுக்குத் தெரியாது அண்ணாச்சி. பட்டன் தெரியும், ஜன்னல் தெரியும். இது தெரியாது. இப்ப நான் உங்ககிட்ட சொன்னதைக் கேட்டுத்தான் தெரிஞ்சிருக்கு. தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது பாருங்க. ஏதாவது சொல்லு தாயி. அழுதாக்கூடத் தேவலை. "கை தவறிப் பட்டிருச்சுன்னு சொன்னீங்களே அண்ணே"ங்குது. ஆமா, சொன்னேன். சொன்னேன்மா. பாவி நான்தான் சொன்னேன்.

இந்தா. சட்டைப் பையில இருக்குறது இதுதான். ஃபைல்ல இருக்குறதைக் கிழிச்சுப் போட்டுடறேன், இதா கிழிச்சிட்டேன். இதுல எல்லாம் எழுதியிருக்கேன், குட்டி ஜன்னலுக்கு நான் பூட்டுப் போட்டது, பட்டனை நான் எரிய வெச்சது, நீ கேட்டும் நான் கேக்காம அமுக்கினது. வாசிச்சுக்கோ. பொறுமையா வாசி. நம்ம நம்பர் வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்கு.

என்ன தேடுறே? ரெண்டு தடவை வாசிச்சிட்டியே.

இல்லம்மா. அது இதுல இல்ல. ரெண்டு நாளை நான் எழுதல. தப்பு என்னுதுன்னு எழுதிட்டேனே, போதும்னு நினைச்சேன். அதை எதுக்கு...

"அதையும் எழுதுங்கண்ணே"ங்குது.

அதை எழுதினா ஐடியோட போகாதும்மா. தெரிஞ்சே மறைச்சேன்னு ஆயிரும். கேஸுகூட...

சரி. சரிம்மா. நீ அப்படிப் பார்க்காத. எழுதுறேன்.

அண்ணாச்சி, பேனா வெச்சிருந்தா கொஞ்சம் கொடுங்க. உங்க பையை இந்தப் பக்கம் தள்ளுங்க, அது மேல வெச்சு எழுதிக்கிறேன். கீழ இடம் இருக்கு, ரெண்டு வரி தாராளமா எழுதலாம்.

என்ன முனீஸ்வரி? தேதி போட்டு எழுதணுமா? நான் அந்த ஜன்னலைப் பார்த்தது எந்தத் தேதின்னு உனக்குத் தெரியாதா?

உனக்கு எப்படிம்மா தெரியும். எனக்குத்தான் தெரியும். மார்ச் பத்தொன்பது, வியாழக்கிழமை, சாயங்காலம் நாலரை மணி.